கையால் சுழற்றிக் கிளப்பும் விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பைப்பர் கப், டைகர் மாத் போன்ற பழைய வால்சக்கர விமானங்களைப் (முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சிறு சக்கரம் அல்லது சறுக்குக்கட்டை) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அவற்றின் எஞ்சினை எப்படிக் கிளப்புகிறார்கள், தரையில் எப்படி அடக்குகிறார்கள் என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பதில்களைப் படித்துவிட்டு யாரும் நேராகப் புரொப்பெல்லரில் கைவைக்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, கையால் பழக வேண்டிய வேலை இது.

ஸ்டார்ட்டரும் பேட்டரியும் இல்லாமல் எஞ்சினுக்குத் தீப்பொறி எங்கிருந்து வருகிறது? (வாசகர், திருச்சி)

மேக்னெட்டோவிலிருந்து. எஞ்சின் சுழலும்போது மேக்னெட்டோவுக்குள் இருக்கும் காந்தமும் சுழன்று, தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு வோல்ட்கூட வேண்டாம். விமான எஞ்சினில் பொதுவாக இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக், ஒன்று ஒரு மேக்னெட்டோவுக்கு, மற்றது அடுத்ததற்கு.

பைப்பர் ஜே-3 கப் பறக்கும்போது அதன் மொத்த எடை அதிகபட்சம் 1,220 பவுண்டு, சுமார் 553 கிலோ. அதில் இருவர், எரிபொருள் எல்லாம் அடக்கம். எஞ்சின் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் ஏ-65. இந்த அளவுள்ள விமானத்தில் பேட்டரி, ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஏற்றினால் சுமக்கும் திறனில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். ஏ-65-இன் அழுத்த விகிதமும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) 6.3-க்கு 1 தான். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினைப் பெரிய பலசாலி இல்லாதவர்களும் சுழற்றிவிடலாம். பலத்தைவிட நிற்கும் இடமும் வரிசை தவறாத பழக்கமுமே முக்கியம்.

கப் விமானத்தைக் கையால் கிளப்பும் முறையை ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா? (வாசகர், கோவை)

முதலில் தரையைப் பாருங்கள். ஈரப்புல், சரளை, சிந்திய எண்ணெய் இருந்தால் விமானத்தைத் தள்ளி வேறு இடத்தில் நிறுத்துங்கள். வழுக்கினால் விழுவது புரொப்பெல்லருக்குள்தான். தோளில் துண்டு, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கேமரா, விரலில் மோதிரம் எதுவும் கூடாது. இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் கட்டை வையுங்கள். வாலை ஒரு கயிற்றால் தரை வளையத்தில் கட்டுங்கள். உள்ளே உட்காருபவருக்குப் பிரேக், த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி), மேக்னெட்டோ ஸ்விட்ச் மூன்றும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த நண்பரை உட்கார வைப்பது ஆளே இல்லாததைவிட ஆபத்து. எஞ்சின் திடீரென்று இரைந்தால் பழக்கமில்லாத கை த்ராட்டிலைத் தப்பான பக்கம் தள்ளிவிடும்.

வெளியே நிற்பவர் “ஸ்விட்ச் ஆஃப், த்ராட்டில் மூடல், பிரேக்” என்று உரக்கக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை புரொப்பெல்லரைத் தொடக் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பிரைமரை (எஞ்சினுக்குள் பெட்ரோல் அடிக்கும் சிறு கைப்பம்பை) இரண்டு முதல் நான்கு முறை அடியுங்கள். கடுங்குளிர் நாடுகளில் ஐந்தாறு வரை தேவைப்படும். அடித்து முடித்ததும் பிரைமர் பிடியை உள்ளே தள்ளித் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் எஞ்சின் அந்த வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குறைந்த வேகத்தில் கரும்புகை தள்ளித் தடுமாறுவதற்கு இது அடிக்கடி காணும் காரணம். பிறகு ஸ்விட்ச் ஆஃப் நிலையிலேயே நாலைந்து பிளேடு (புரொப்பெல்லரின் தகடு) கடந்துபோகும் அளவுக்கு மெதுவாகச் சுழற்றிப் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குள் இழுக்க வேண்டும்.

அடுத்து, த்ராட்டிலை அரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இந்த முறையில் நடக்கும் மோசமான தவறு த்ராட்டிலை அதிகமாகத் திறந்து வைப்பதுதான். எஞ்சின் பிடித்த கணமே விமானம் கட்டையைத் தாண்டி முன்னால் நிற்பவர்மேல் பாயும். எல்லாம் சரியென்றால் “பிரேக், கான்டாக்ட்” என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

விமானத்தைப் பார்த்தபடி முன்னால் நின்றால் ஏ-65-இன் புரொப்பெல்லர் உங்கள் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழே வரும். கடிகார முகப்பில் பத்து மணி இருக்கும் இடத்தில் பிளேடு நிற்கும்போது சிலிண்டருக்குள் கலவையின் அழுத்தம் தொடங்கினால் சுழற்ற வசதி. மேல்பக்கமாக இருக்கும் பின்விளிம்பில் விரல்களின் முதல் கணு மட்டும் படட்டும். விரலை வளைத்து இறுகப் பிடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முன்விளிம்பில் உள்ள தகட்டில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழன்ற ரிவெட் தோலைக் கிழிக்கும். புரொப்பெல்லருக்கு நெருங்கியே நில்லுங்கள். தள்ளி நின்றால் எட்டிப் பிடிக்க வேண்டிவரும், உடம்பு முன்னால் சாயும். பிளேடை ஒரே சீராகக் கீழே இழுத்து, அந்த அசைவிலேயே எடையைப் பின்காலுக்கு மாற்றிப் பின்னால் நகருங்கள். எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பிளேடைத் தொடுமுன் மறுபடி நிலையெடுத்து நில்லுங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முப்பது வினாடிக்குள் முள் எழாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இந்த எஞ்சினில் இருக்கும் எண்ணெயே மொத்தம் 4 குவார்ட், நாலு லிட்டருக்கும் சற்றுக் குறைவு.

ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது புரொப்பெல்லரை நகர்த்தினால் எஞ்சின் கிளம்புமா? (வாசகர், மதுரை)

கிளம்பும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும். வீட்டு விளக்கு ஸ்விட்ச் ஆஃபில் சுற்றைத் துண்டிக்கும். மேக்னெட்டோ ஸ்விட்ச் நேர்மாறு: ஆஃபில்தான் அது மேக்னெட்டோவை ஒரு கம்பி வழியாகத் தரையோடு, அதாவது எஞ்சினின் உடலோடு, இணைத்துத் தீப்பொறியை அடக்குகிறது. அந்தக் கம்பி அறுந்தாலோ, முனையில் கழன்றாலோ, ஸ்விட்சின் உட்பாகம் தேய்ந்தாலோ ஸ்விட்ச் எங்கே இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் சிறிதளவு கலவையே புரொப்பெல்லரை அரைச் சுற்றுச் சுழற்றப் போதும். எலும்பை முறிக்க அது தாராளம்.

எஞ்சினை நிறுத்துமுன் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை செய்யலாம். மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஸ்விட்சை ஒரு கணம் ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். எஞ்சின் அணையப் பார்த்தால் கம்பி சரி. ஓடிக்கொண்டே இருந்தால் எரிபொருளை அடைத்து நிறுத்தி, புரொப்பெல்லரில் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வேகம் அதிகமாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். எரியாத கலவை எக்ஸாஸ்டில் சேர்ந்து வெடிக்கும். சோதனையில் தேறினாலும் அடுத்த முறை புரொப்பெல்லரைத் தொடும்போது அது உயிரோடு இருப்பதாகவே எண்ணுங்கள். கம்பி எப்போது அறுந்தது என்று உங்களிடம் சொல்லாது.

புரொப்பெல்லரைச் சுழற்றும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? (வாசகர், சேலம்)

இம்பல்ஸ் கப்ளிங் என்ற சிறு பொறி. ஏ-65-இல் தீப்பொறி பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 30 பாகை முன்பாகவே வரும்படி அமைத்திருக்கிறார்கள். ஓடும் எஞ்சினுக்கு அது சரி. கையால் மெதுவாகச் சுழற்றும்போது அவ்வளவு முன்கூட்டிப் பற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். இம்பல்ஸ் கப்ளிங் மேக்னெட்டோவைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, பிஸ்டன் உச்சியை நெருங்கியதும் ஸ்பிரிங்கால் படாரென்று விடுவிக்கிறது. தீப்பொறி தாமதமாகவும் வலுவாகவும் வரும். அந்த விடுவிப்பின் சத்தம்தான் நீங்கள் கேட்டது. எஞ்சின் வேகம் பிடித்ததும் அதன் கொக்கிகள் விலகிக்கொள்ளும்.

சத்தம் கேட்காவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப்பசை ஏறிக் கொக்கிகள் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் சுழற்றாதீர்கள். பல விமானங்களில் ஒரு மேக்னெட்டோவில் மட்டுமே இந்தப் பொறி இருக்கும். அவற்றில் கிளப்பும்போது அந்த ஒரு மேக்னெட்டோவை மட்டும் போட்டு, எஞ்சின் ஓடிய பிறகே இரண்டுக்கும் மாற்ற வேண்டும்.

தனி ஆளாகக் கிளப்பலாமா? பின்னால் நின்று சுழற்றுவது பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னார். (வாசகர், ஈரோடு)

கப் விமானத்துக்கு அது பொருந்தும். அதன் கதவு வலப்பக்கம். புரொப்பெல்லருக்குப் பின்னால், வலப்பக்கச் சக்கரத்தை ஒட்டி நின்று, ஒரு பாதத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, இடக்கையால் விமானத்தின் உடற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் பிளேடைக் கீழே இழுக்கலாம். விமானம் நகர்ந்தாலும் உங்களை விட்டு முன்னோக்கிப் போகும், உங்கள்மேல் ஏறாது. த்ராட்டிலும் ஸ்விட்சும் கதவு வழியாக எட்டும் தூரத்தில் இருக்கும். எல்லா விமானத்திலும் இந்த இடவசதி கிடையாது. இறக்கையைத் தாங்கும் கம்பிகளுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் அமைப்பு இருந்தால் முன்னால் நிற்பதே மேல்.

எப்படியானாலும் தனியாகச் செய்யும்போது வாலைக் கட்டாமல் செய்யக் கூடாது என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. ஆளில்லாத விமானம் த்ராட்டில் திறந்தபடி களத்தில் வட்டமடித்து, நிறுத்தி வைத்த மற்ற விமானங்களை வெட்டிச் சாய்த்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பாதமும் பிரேக்கும் 65 குதிரைத்திறனை நெடுநேரம் பிடித்து வைக்காது. கயிறு பிடித்து வைக்கும். எஞ்சின் நிதானமாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு கயிற்றை அவிழ்க்கவும் ஒரு வழி வேண்டும். இழுத்தால் திறக்கும் கொக்கியை வாலில் மாட்டி, அதன் கயிற்றை விமானி இருக்கைவரை கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

பிரைமர் அதிகமாகி எஞ்சின் நனைந்துவிட்டால் என்ன செய்வது? (வாசகர், வேலூர்)

கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் சொட்டும், மூக்கில் வாசனை ஏறும். ஸ்விட்ச் ஆஃப், எரிபொருள் அடைப்பு, த்ராட்டில் முழுத் திறப்பு. பிறகு புரொப்பெல்லரை எதிர்ப்பக்கமாக எட்டுப் பத்து பிளேடு சுழற்றிச் சிலிண்டர்களைக் காற்றால் கழுவுங்கள். எதிர்ப்பக்கம் சுழற்றினால் இம்பல்ஸ் கப்ளிங் கொக்கி போடாது, எஞ்சின் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இப்போது த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கிறது. அதை மூடாமல் ஸ்விட்சைப் போட்டுச் சுழற்றியதால் நடந்த விபத்துகள்தான் இந்த வேலையில் அதிகம் பேசப்படுபவை. எனவே கழுவி முடித்ததும் “த்ராட்டில் மூடல்” என்ற கேள்வியிலிருந்து முழு வரிசையையும் மறுபடி தொடங்குங்கள். வெளியே நிற்பவர் தன் கண்ணாலும் ஒருமுறை த்ராட்டிலைப் பார்த்துக்கொள்ளட்டும். தரையில் பெட்ரோல் தேங்கியிருந்தால் விமானத்தை அங்கிருந்து தள்ளிவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சூடான எஞ்சினுக்குப் பிரைமரே வேண்டாம். பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் பிளேடிலேயே பிடித்துவிடும். பழைய ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் கசிவதும் உண்டு. ஆகவே விமானத்தை நிறுத்தி வைக்கும்போது எரிபொருள் வால்வை மூடிவிடுவது நல்லது.

டைகர் மாத்துக்கும் இதே முறைதானா? (வாசகர், சென்னை)

அடிப்படை ஒன்று. திசை வேறு. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அமெரிக்க எஞ்சின்கள் வலஞ்சுழி. கப் விமானத்தில் பழகியவர் டைகர் மாத் முன் நின்றால் பிளேடு இறங்குவது அவருடைய வலப்பக்கத்தில். கையும் காலும் பழைய பழக்கத்தில் போகும், அதனால் முதல் சில நாட்கள் ஸ்விட்ச் ஆஃபில் அசைவை மட்டும் பழகுவது அவசியம். மேக்னெட்டோ ஸ்விட்சுகள் விமானி அறைக்கு வெளியே உடற்பகுதியில் இருப்பதால், சுழற்றுபவர் தன் கண்ணாலேயே அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அருமையான வடிவமைப்பு. முதன்முதலில் பறந்த 1931-இலேயே இதை யோசித்திருக்கிறார்கள்.

மூல வடிவில் டைகர் மாத்துக்குப் பிரேக் கிடையாது, வாலில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை. எனவே சக்கரக் கட்டைகளைத்தான் முழுக்க நம்ப வேண்டும். காற்று பலமாக இருந்தால் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் தேவைப்படும். வானேறும் ஓட்டத்திலும் கவனம்: கப் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், டைகர் மாத் வலப்பக்கம்.

நம் நாட்டில் இப்படிப்பட்ட விமானம் கட்டியதுண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

உண்டு. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் கட்டிய புஷ்பக். 1958-இல் முதன்முதலில் பறந்தது. மேல் இறக்கை, துணியுறை, பக்கத்துப் பக்கத்தில் இரு இருக்கை, வால்சக்கரம், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். நம் பறத்தல் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் பழகினார்கள்.

வால்சக்கர விமானம் ஏன் தரையில் சுழன்றுகொள்கிறது? மூக்குச்சக்கர விமானத்தில் அந்தத் தொல்லை இல்லையே. (வாசகர், நாகர்கோவில்)

எடைமையம் இரண்டு பெரிய முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். விமானம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை நேராகப் போக முயன்று வாலை மேலும் வெளியே தள்ளும். கடைகளில் உள்ள தள்ளுவண்டியை முன்பின் மாற்றி, சுழலும் சக்கரம் பின்னால் வரும்படி வேகமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூக்குச்சக்கர விமானத்தில் எடைமையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் விலகல் தானே திருந்தும். இங்கே விமானியின் பாதம் திருத்த வேண்டும்.

வானேறும்போது இன்னும் சில விசைகள் சேருகின்றன. வால் தரையில் இருக்கும்போது புரொப்பெல்லரின் கீழிறங்கும் பிளேடு அதிகம் இழுக்கிறது. சுருளாகப் பின்னால் வரும் காற்று வாலில் செங்குத்தாக நிற்கும் தகட்டின் ஒரு பக்கத்தில் அடிக்கிறது. வாலைத் தூக்கும் கணத்தில் சுழலும் புரொப்பெல்லரின் பம்பர விளைவு மூக்கைத் திருப்புகிறது. கப் விமானத்தில் இவை எல்லாமே இடப்பக்கம்தான், அதனால் வலது ரட்டர் (பாதத்தால் மிதித்துத் திருப்பும் வால் சுக்கான்). வாலை வெடுக்கென்று தூக்கினால் திருப்பமும் வெடுக்கென்று வரும், நிதானமாகத் தூக்குங்கள். த்ராட்டிலையும் மூன்று நான்கு வினாடியில் சீராகத் தள்ளுங்கள்.

ரட்டரைச் சிறிதாக, விரைவாக மிதித்து உடனே எடுக்க வேண்டும். விலகல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு முழுப் பெடலையும் அழுத்தினால் அது மறுபக்கம் வீசியடிக்கும். கண் ஓடுபாதையின் தொலைவிலுள்ள முனையில் நிலைக்கட்டும். கப் விமானத்தில் தனியாகப் பறப்பவர் எடைமையத்துக்காகப் பின்னிருக்கையில் உட்கார வேண்டும். அங்கிருந்து முன்னால் எதுவும் தெரியாது. தரையில் நகரும்போது வளைந்து வளைந்து போய்ப் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போது மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டுமா, முன்சக்கரம் மட்டுமா? அமெரிக்காவில் இரண்டையும் கேட்கிறார்களே. (வாசகர், டல்லாஸ்)

அமெரிக்க விதிப்படி வால்சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்ட, பயிற்றுநர் கையெழுத்திட்ட தனி ஒப்புதல் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அப்படி ஓட்டிப் பதிவேட்டில் எழுதியவர்களுக்கு விலக்கு. நேர்காற்றிலும் பக்கக்காற்றிலும் ஏறி இறங்குவது, முன்சக்கர இறக்கம், இறங்காமல் மீண்டும் ஏறுவது எல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும். தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொன்ன விமானத்துக்கு முன்சக்கர இறக்கம் தேவையில்லை.

புதியவர்கள் மூன்று சக்கர இறக்கத்தை முதலில் நன்றாகக் கற்பதே சரி என்பது எங்கள் எண்ணம். தரையைத் தொடும்போது வேகம் மிகக் குறைவு, அடக்க வேண்டிய ஆற்றலும் குறைவு. கப் மணிக்குச் சுமார் 38 மைல் வேகத்தில் தூக்குவிசையை இழக்கும். இறங்குபாதையில் 55 மைல் வைத்து, தரைக்குச் சற்று மேலே விமானத்தைப் பறக்கவிட்டுக்கொண்டே ஸ்டிக்கை (விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிழுத்தால், ஸ்டிக் முழுவதும் பின்னால் வரும் நேரத்தில் மூன்று சக்கரமும் தொடும். தொட்ட பிறகும் ஸ்டிக் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், அப்போதுதான் வால்சக்கரம் தரையில் அழுந்தித் திசை காட்டும். வேகம் மிச்சமிருக்கும்போதே முன்சக்கரம் தொட்டால் வால் கீழே இறங்கி, இறக்கையின் கோணம் கூடி, விமானம் மறுபடி மேலே எழும். துள்ளலை ஸ்டிக்கால் துரத்தாதீர்கள். சிறிய துள்ளலென்றால் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து நிலைநிறுத்தலாம். பெரியதென்றால் முழு த்ராட்டில், மீண்டும் ஒரு சுற்று.

முன்சக்கர இறக்கம் பலத்த, சீரற்ற காற்றில் கைகொடுக்கும். சக்கரம் மெதுவாகத் தொட்டதும் ஸ்டிக்கை லேசாக முன்னால் தள்ளி இறக்கையின் தூக்குவிசையைக் கொல்ல வேண்டும். இதில் மிகக் கடினமான பகுதி பிறகு வால் இறங்கும் நேரம். ரட்டரில் காற்று குறைந்திருக்கும், வால்சக்கரம் இன்னும் தரையைத் தொட்டிருக்காது. இடக்காற்று என்றால் இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரட்டரால் மூக்கை நேராக்கி, இடது சக்கரத்தை முதலில் தொடவிடுங்கள். ஓட்டம் குறையக் குறைய ஸ்டிக்கை இடப்பக்கம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

கார்புரேட்டர் சூடேற்றியை நம் வெப்ப நாட்டில் பயன்படுத்த வேண்டுமா? (வாசகர், தூத்துக்குடி)

கட்டாயம். எக்ஸாஸ்டின் சூட்டில் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் பொறி அது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை தடாலென்று இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 30 பாகையைத் தாண்டியிருந்தாலும் உள்ளே பனி படியலாம். சிறு கான்டினென்டல் எஞ்சின்களுக்கு இந்தப் பலவீனம் அதிகம், ஏனெனில் கார்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருப்பதில்லை. இறங்க த்ராட்டிலைக் குறைக்குமுன்பே சூடேற்றியை முழுவதும் இழுங்கள். எஞ்சின் அமைதியான பிறகு இழுத்தால் பனியை உருக்கும் சூடே எக்ஸாஸ்டில் இருக்காது.

இறங்கி ஓடும்போது வால்சக்கரம் கடகடவென்று ஆடுகிறது. சக்கரத்தை மாற்றினால் போதுமா? (வாசகர், புதுச்சேரி)

சக்கரத்தை மாற்றுமுன் அதைத் தாங்கும் இலைச்சுருளை (வளைந்த எஃகுப் பட்டை ஸ்பிரிங்கை) பாருங்கள். விமானத்தில் வழக்கமான எடை இருக்கும்போது, வால்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அதுவே ஆட்டத்துக்குக் காரணம். இலைச்சுருள் நாளடைவில் வளைவை இழந்து தட்டையாகும்போது இப்படி ஆகும். அதைக் கழற்றி மீண்டும் வளைத்துப் பதம் செய்ய வேண்டும், அல்லது புதிது போட வேண்டும். அடுத்து, ரட்டரோடு இணைக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா, சக்கர அச்சின் புஷ் தேய்ந்திருக்கிறதா, டயரில் காற்று சரியா என்று பாருங்கள். ஆடத் தொடங்கிய கணத்தில் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் விட்டு வாலின் சுமையைக் குறைத்தால் பல சமயம் அடங்கும். ஆனால் அடங்கிவிட்டதென்று அப்படியே அடுத்த முறை பறக்காதீர்கள். அந்த அதிர்வு இலைச்சுருளின் போல்ட்டுகளையும் வால் சட்டத்தின் வெல்டிங்கையும் விரிசலிட வைக்கும்.